உதவிக் கருவி வாங்குவதற்கு முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதம் வந்து ஒரு கை செயலிழந்தவர், விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர், முடக்குவாதத்தால் விரல்களை மடக்க முடியாதவர், பெருமூளை வாதத்தோடு பிறந்த குழந்தை, பார்வை மங்கிவரும் முதியவர் என்று யாருடைய குடும்பமாக இருந்தாலும், ஆக்குபேஷனல் தெரபிஸ்டான என்னிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "என்ன கருவி வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல இன்னொன்று தெரிந்தாக வேண்டும். அவர் எந்த வேலையைத் தன் கையால் செய்ய ஆசைப்படுகிறார்? குளிப்பதையா, கையெழுத்துப் போடுவதையா, பேத்தியோடு வீடியோ அழைப்பில் பேசுவதையா? அதைப் பொறுத்து வாங்க வேண்டிய பொருள் மாறும். சில நேரம் எதையுமே வாங்க வேண்டியிருக்காது.

பிசியோதெரபிஸ்ட் முக்கியமாக உடலின் அசைவையும் வலுவையும் கவனிக்கிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்த உடலோடு ஒரு நாளை எப்படி நடத்துவது என்று பார்க்கிறார். எழுவது, உடுத்துவது, உண்பது, படிப்பது, வேலைக்குப் போவது, விளையாடுவது எல்லாம் அவர் கணக்கில் வரும். இந்த வேலைகளுக்குக் கைகொடுக்கும் எந்தப் பொருளும் உதவிக் கருவிதான். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் 50 பொருட்கள் இருக்கின்றன. ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் மென்பொருள் ஆகியவற்றோடு மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைக்கும் பெட்டியும் அதில் உண்டு. அதே நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இப்படி ஏதேனும் ஒரு கருவி தேவைப்படுகிறது. 2050இல் இது 350 கோடியைத் தாண்டும் என்கிறது அந்த அறிக்கை. எனவே கருவி தேவைப்படுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றைப் பற்றி. அமெரிக்காவில் 227 பேரிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் பெற்ற கருவிகளில் 29.3 சதவீதம் முற்றிலும் கைவிடப்பட்டிருந்தன. காரணங்களாக நான்கு தெரியவந்தன: கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது, கருவி மிக எளிதாகக் கையில் வந்து சேர்ந்தது, கருவி சரியாக வேலை செய்யாதது, அவருடைய தேவை மாறிப்போனது. இரண்டாவது காரணம் பலருக்கும் வியப்பாக இருக்கும். யாரும் அளவெடுக்காமல், பயன்படுத்திப் பார்க்காமல், சட்டென்று வாங்கிக் கொடுத்த பொருள் மூலையில் கிடக்க வாய்ப்பு அதிகம். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் இந்த நான்கு காரணங்களையும் தவிர்ப்பதற்காகத்தான்.

முதல் படி: ஒரு நாளைத் தாளில் எழுதுங்கள்

காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு படுப்பது வரை அவர் செய்கிற, செய்ய விரும்புகிற வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, தனியாக முடிகிறதா, யாருடைய உதவி தேவைப்படுகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது, முடித்த பிறகு வலியோ களைப்போ இருக்கிறதா என்று குறியுங்கள். "குளிப்பது கஷ்டம்" என்று மட்டும் எழுதினால் போதாது. குளியலறை வாசற்படியைத் தாண்டுவது கஷ்டமா, நின்றுகொண்டு முதுகு தேய்ப்பது கஷ்டமா, சோப்பு கையிலிருந்து நழுவுகிறதா, ஈரத் தரையைக் கண்டால் பயமா? இந்த நான்குக்கும் தீர்வுகள் வேறு வேறு.

கனடாவில் உருவாகிப் பல நாடுகளில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் பயன்படுத்தும் நேர்காணல் முறை ஒன்று இருக்கிறது. கனடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபாமன்ஸ் மெஷர் என்று அதற்குப் பெயர். அதன் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு வேலையும் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று அந்த நபரே 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கிறார். அவற்றில் மிக முக்கியமான ஐந்து வரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தான் இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் தனக்கு எவ்வளவு திருப்தி என்று மீண்டும் 1 முதல் 10 வரை சொல்கிறார். சில வாரங்கள் கழித்து அதே கேள்விகளைக் கேட்கும்போது இரண்டு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ கூடியிருந்தால் உண்மையான மாற்றம் நிகழ்ந்திருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். முறையான மதிப்பீட்டைத் தெரபிஸ்ட் செய்வார். ஆனால் இதே எண்ணத்தோடு நீங்கள் வீட்டில் எழுதிக் கொண்டுபோகும் ஒரு பக்கம், முதல் சந்திப்பில் பெரிதும் கைகொடுக்கும்.

மதிப்பெண் கொடுக்க வேண்டியவர் அந்த நபர்தான், அவருடைய மகனோ மனைவியோ அல்ல. பேச முடியாதவராக இருந்தால் படங்களைக் காட்டிக் கேளுங்கள். தலையசைப்போ கண் சிமிட்டலோ போதும். குடும்பம் விரும்புவதும் அவர் விரும்புவதும் பல வீடுகளில் ஒன்றாக இருப்பதில்லை. அவர் தானே சாப்பிட வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசையாக இருக்கும். அவருக்கோ தானே சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகி, அதன் பிறகு நாள் முழுக்க எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். "எனக்கு ஊட்டிவிடுங்கள், அந்தத் தெம்பை வைத்து நான் கணினியில் என் வேலையைப் பார்க்கிறேன்" என்று அவர் சொன்னால் அது நியாயமான முடிவு. எல்லாவற்றையும் தனியாகச் செய்வது ஒன்றே சுதந்திரம் ஆகிவிடாது. எதைத் தானே செய்வது, எதற்கு உதவி கேட்பது என்று தீர்மானிக்கும் உரிமைதான் முதலில் வருகிறது. இந்த இடத்தில் குடும்பத்தினர் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் சுலபமாகும்.

இரண்டாம் படி: ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

பட்டியலில் முதலிடம் பிடித்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் சாப்பிடுவது என்று வைத்துக்கொள்வோம். அவர் எதிரே உட்கார்ந்து, உதவி செய்யாமல், முழுதாக ஒருமுறை பாருங்கள்.

கரண்டியைப் பிடிக்கும்போதே விரல்கள் மூடவில்லையா? கைப்பிடியைத் தடிமனாக்கினால் பலருக்கும் பிடி கிடைத்துவிடுகிறது. அதற்கென்று விற்கும் நுரைக்குழாயை மாட்டலாம், துணியைச் சுற்றிக் கட்டியும் பார்க்கலாம். விரல்களில் வலுவே இல்லையென்றால், உள்ளங்கையைச் சுற்றி வெல்க்ரோ பட்டையால் கட்டும் உறையில் கரண்டியைச் செருகிவிடலாம். அதே உறையில் பல் துலக்கும் பிரஷும் பேனாவும் நிற்கும். பிடி சரியாக இருந்தும் உணவு தட்டின் விளிம்பைத் தாண்டிக் கொட்டுகிறதா? தட்டின் ஓரத்தில் மாட்டும் தடுப்பு வளையமோ, ஒரு பக்கம் உயர்ந்த விளிம்புள்ள தட்டோ போதும். தட்டே நகர்ந்து போகிறதென்றால் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போடுங்கள். ஒரு கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த விரிப்பு செய்யும் உதவி சொல்லி முடியாது. மணிக்கட்டு திரும்பவில்லையென்றால் வளைந்த கழுத்துள்ள கரண்டி. கை நடுங்கினால் முழங்கையை மேசையில் ஊன்றச் சொல்லிப் பாருங்கள். எடை கூடிய கரண்டி நடுக்கம் உள்ள சிலருக்கு உதவுகிறது, சிலருக்குக் கையைச் சோர்வாக்கிவிடுகிறது. எனவே இரவல் வாங்கிப் பயன்படுத்திப் பார்க்காமல் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அவர் உட்கார்ந்திருக்கும் விதம். பாதம் தரையில் படாமல், இடுப்பு சரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரின் கை, உடலைத் தாங்கிப்பிடிப்பதிலேயே வலுவைச் செலவழித்துவிடும். பாதத்துக்கு அடியில் ஒரு பலகை, முதுகுக்குத் தாங்கல், முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மேசை என்று இந்த மூன்றையும் சரிசெய்த உடனே, கரண்டி மாறாமலேயே கை வாய் வரை போவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

சாப்பிடும்போது இருமலோ, புரையேறுவதோ, குரல் ஈரமாக மாறுவதோ இருந்தால் கரண்டியைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சுச் சிகிச்சை நிபுணரிடம் முதலில் அழைத்துச் செல்லுங்கள். உணவு நுரையீரலுக்குள் போவது உயிருக்கே ஆபத்து.

மூன்றாம் படி: கருவிக்கு முன் வழியையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள்

ஒரு கை வலுவிழந்தவர் சட்டை போடும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்யலாம். அடிக்கடி எடுக்கும் பொருட்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு மாற்றலாம். பார்வை மங்கியவருக்கு, வெள்ளை மேசையில் வெள்ளைக் கோப்பைக்குப் பதிலாக அடர்நிறக் கோப்பையை வைத்தாலே கை தடுமாறாது. தரையில் நழுவும் சிறு விரிப்புகளை எடுத்துவிடுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு போடுங்கள். மறதி உள்ளவருக்கு, அலமாரிக் கதவில் உள்ளிருக்கும் பொருளின் படத்தை ஒட்டுங்கள்.

குளியலறையில் மட்டும் ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம். கைப்பிடிக் கம்பி சுவரில் திருகாணியால் உறுதியாகப் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். துண்டு போடும் கம்பி ஒரு மனிதரின் எடையைத் தாங்காது. காற்றழுத்தத்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகள், பிடித்து எழும் நேரத்தில் கழன்று வரக்கூடும். அவற்றை நம்பி யாரையும் நிற்க வைக்காதீர்கள்.

நான்காம் படி: கையில் இருக்கும் போனைத் திறந்து பாருங்கள்

பலரும் தனிக் கருவி தேடி அலைகிறார்கள். தேவைப்படும் வசதியோ அவர்களுடைய போனிலேயே, அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்குவது, திரையை உருப்பெருக்குவது, நிறங்களை மாற்றுவது எல்லாம் அங்கேயே உண்டு. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் ஆண்ட்ராய்டு போன்களிலும், வாய்ஸ்ஓவர் ஐபோனிலும் இருக்கின்றன. பேசுவதை எழுத்தாக்கும் வசதி தமிழிலும் வேலை செய்கிறது. விரலால் திரையைத் தொட முடியாதவர், வெளியே இணைத்த ஒரே ஒரு பொத்தானால் போன் முழுவதையும் இயக்கலாம். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸின் 2024இல் வந்த 18ஆம் பதிப்பு முதல், ஓரளவு புதிய ஐபோன்களில் முன்பக்கக் கேமராவை வைத்துக் கண்பார்வையாலேயே திரையை இயக்கும் வசதியும் சேர்ந்திருக்கிறது.

விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை அழுத்தினால், இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்த முடியாதவர்களுக்கான வசதியை இயக்கலாமா என்று கேட்கும். பார்வையற்றவர்களுக்கு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற மென்பொருள் உருவாக்குநர்கள் தொடங்கி வைத்த என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இருக்கிறது. அது இலவசம், தமிழையும் படிக்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் இயக்கிவிடாதீர்கள். டாக்பேக் இயங்கும்போது போனைத் தொடும் முறையே மாறிவிடும். ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் பயந்துபோய் விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். அதை எப்படி நிறுத்துவது என்று முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு எப்படி இயக்குவது என்று கற்றுக்கொடுங்கள்.

ஐந்தாம் படி: தெரபிஸ்டைச் சந்திக்கத் தயாராகுங்கள்

உங்கள் நாட்டில் முறையாகப் பதிவுபெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பாருங்கள். முதல் படியில் எழுதிய தாள், மருத்துவ அறிக்கைகள், ஏற்கெனவே வாங்கிப் பயன்படாமல் போன கருவிகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பழைய கருவி ஏன் பயன்படவில்லை என்பது நல்ல தெரபிஸ்டுக்குப் பெரிய தகவல். சிரமப்படும் வேலையைச் செய்யும்போது, அவருடைய சம்மதத்தோடு, போனில் சிறு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறை, படுக்கை, வாசல் ஆகியவற்றின் படங்களும் கதவுகளின் அகலமும் தேவைப்படும். கதவை முழுதாகத் திறந்துவைத்து, நிலைக்கும் கதவுப் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளக்க வேண்டும். சுவரில் விட்ட திறப்பின் அகலத்தை அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

கேட்க வேண்டியவை: இதைவிட எளிய வழி இருக்கிறதா? வாங்குமுன் சில நாள் பயன்படுத்திப் பார்க்க முடியுமா? எங்களுக்குப் பயிற்சி கொடுப்பது யார்? பழுதானால் எங்கே போவது? இந்த நோய் கூடினால் இந்தக் கருவி எவ்வளவு காலம் தாங்கும்?

கருவியைப் பிடித்தால் கை சோம்பேறியாகிவிடும், மூளை மீண்டும் கற்றுக்கொள்ளாது என்ற பயமும் பல குடும்பங்களில் இருக்கிறது. அதை வாய்விட்டுக் கேளுங்கள். மீட்சிக்கான பயிற்சியும் கருவியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. பயிற்சி நேரத்தில் கையைப் பழக்குவதும், மற்ற நேரத்தில் கருவியின் துணையோடு வாழ்க்கையை நடத்துவதும் சேர்ந்தே போகலாம். எதை எப்போது குறைப்பது என்று தெரபிஸ்ட் திட்டமிடுவார்.

ஆறாம் படி: அளவு, அளவு, அளவு

தவறான அளவில் வாங்கிய கருவி பயனில்லாமல் போவதோடு நிற்காது, உடலைக் கெடுக்கும்.

கைத்தடியிலிருந்து தொடங்குவோம். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை இலேசாக மடங்கியிருக்கும். ஒரு கால் மட்டும் வலுவிழந்திருந்தால் தடியை எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற கால் இருக்கும் பக்கத்திலேயே தடியைப் பிடிக்கிறவர்களைத் தெருவில் எங்கும் பார்க்கலாம். அக்குள் கட்டை என்றால், அதன் மேல்பகுதிக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடையை உள்ளங்கைதான் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும்.

சக்கர நாற்காலிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சக்கர நாற்காலிச் சேவையை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது: பரிந்துரைத்து நேரம் குறிப்பது, மதிப்பீடு, எந்த நாற்காலி என்று எழுதித் தருவது, நிதி ஏற்பாடும் ஆர்டரும், நாற்காலியைத் தயார் செய்வது, உடலுக்குப் பொருத்துவது, பயிற்சி, பராமரிப்பும் மறுசந்திப்பும். கடையில் ஒரு நாற்காலியை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது இந்த எட்டில் அரைப் படிகூட ஆகாது.

உட்காரும் இடம் அகலமாக இருந்தால் வசதி என்று நினைக்கிறார்கள். அகலம் கூடினால் உடல் ஒரு பக்கம் சரியும், சக்கரத்தை எட்டித் தள்ளத் தோள் வலிக்கும், கதவில் நாற்காலி இடிக்கும். குறைந்தால் இடுப்பின் பக்கவாட்டில் உரசிப் புண்ணாகும். தொடைக்கும் பக்கத்தட்டுக்கும் நடுவே தட்டையாக விரித்த கை நெருக்கமாக நுழையும் அளவு பொதுவாகச் சரி. ஆழம் பார்க்க, முதுகு நன்றாகப் பின்னால் படும்படி உட்கார வைத்து, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமே இல்லையென்றால் அவர் முன்னால் நழுவி, கூன் விழுந்து உட்காருவார். பாதத்தட்டு மிக உயரமாக இருந்தால் தொடை இருக்கையைவிட்டு எழும்பி, முழு எடையும் பிட்டத்தின் இரண்டு எலும்பு முனைகளில் இறங்கிவிடும்.

இந்த எலும்பு முனைகள்தான் என் பெரிய கவலை. தண்டுவடக் காயத்தால் உணர்ச்சி இழந்தவருக்கு அங்கே அழுத்தப்புண் வரும்போது வலியே தெரியாது. துணியில் ஈரமோ இரத்தமோ கண்ட பிறகுதான் கவனிக்கிறார்கள். ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், உயிரையும் எடுத்திருக்கிறது. எனவே உணர்ச்சி குறைந்தவருக்குத் தகுந்த மெத்தை இல்லாமல் சக்கர நாற்காலி கொடுக்கவே கூடாது. மெத்தை சரியா என்று பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் ஒரு எளிய சோதனை செய்வார்கள். உட்கார்ந்திருப்பவரின் எலும்பு முனைக்கு அடியில், மெத்தைக்கு மேலே, விரல் நுனியை நுழைப்பார்கள். விரலைக் கொஞ்சம் மேலும் கீழும் அசைக்க முடிந்தால் நல்லது. அசைக்க முடியாமல், உருவி மட்டும் எடுக்க முடிந்தால் எச்சரிக்கை. விரல் நசுங்கி, உருவவே சிரமமாக இருந்தால் அந்த மெத்தை ஆபத்து. உங்கள் தெரபிஸ்ட் இதைச் செய்யும்போது கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள். மெத்தை நாளாக நாளாக அமுங்கிவிடும், வீட்டில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு நல்ல மெத்தையானாலும் எடையை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். ஒரு நொடி எழும்பி உட்காருவதால் இரத்த ஓட்டம் திரும்பிவிடாது. குனியும்போது முன்னால் கவிழாதபடி, மார்பைத் தாங்க எதிரே மேசையோ பக்கத்தில் ஆளோ இருக்கட்டும். போனில் நினைவூட்டும் மணி வையுங்கள். தினமும் இரவில், கண்ணாடி வைத்தோ வேறொருவர் உதவியாலோ, அந்த இடத்துத் தோலைப் பாருங்கள். சிவந்த இடம், தோல் கறுத்தவர்களுக்கு நிறம் மாறிய அல்லது சூடான, தடித்த இடம், அழுத்தம் எடுத்த பிறகும் மறையவில்லையென்றால் அதன்மீது உட்காரக் கூடாது. உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டு அளவுகளும் உண்டு. கதவுத் திறப்பு 80 செ.மீ. இருந்தால் பெரும்பாலான நாற்காலிகள் நுழையும். முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும். சரிவுப்பாதைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட விகிதம். 15 செ.மீ. உயரமுள்ள படிக்கு 180 செ.மீ. நீளச் சரிவு தேவை. இடம் போதவில்லை என்று செங்குத்தாகக் கட்டிய சரிவில் ஒருவர் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடலாம்.

ஏழாம் படி: பேச்சு வராதவருக்குக் குரல் கொடுங்கள், இன்றே

குழந்தைக்குப் பேச்சு வருமா வராதா என்று தெரிந்த பிறகு பார்ப்போம் எனக் காத்திருக்கும் பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, காத்திருக்காதீர்கள் என்பதைத்தான். பட அட்டையோ பேசும் செயலியோ பயன்படுத்துவதால் குழந்தையின் பேச்சு தடைபடாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பல குழந்தைகளுக்கு அதனால் பேச்சு கூடவே வளர்வதைக் கண்டிருக்கிறார்கள்.

ஒரு தாளில் தொடங்கலாம். முதல் அட்டைகளில் பழங்களின், விலங்குகளின் பெயர்களைப் போட்டு நிரப்பிவிடுகிறோம். ஒரு குழந்தைக்கு நாள் முழுக்கத் தேவைப்படுவது "வேண்டும்", "வேண்டாம்", "இன்னும்", "நிறுத்து", "போகலாம்", "உதவி", "வலிக்கிறது" போன்ற சொற்கள். குறிப்பாக "வேண்டாம்" கட்டாயம் இருக்கட்டும். குழந்தை அதைத் தொட்டால், முடிந்த இடத்தில் எல்லாம் அதை மதித்து நிறுத்துங்கள். தன் சொல்லுக்கு உலகம் அசைகிறது என்று அந்தக் குழந்தை முதன்முதலாக உணர்வது பெரும்பாலும் அந்த அட்டையில்தான்.

நீங்கள் பேசும்போதும் அதே அட்டைகளைத் தொட்டுக்காட்டிப் பேசுங்கள். கேட்டுக் கேட்டுத்தானே எல்லாக் குழந்தையும் பேசக் கற்கிறது, இவர்களுக்குப் பார்த்துப் பார்த்து வர வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். உடனே நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.

கையால் தொட முடியாத குழந்தைக்குப் பொத்தானைக் கொடுக்கும்போது, எங்கே வைப்பது என்று நிதானமாகத் தேட வேண்டும். பலமான அசைவைவிட நம்பகமான அசைவைத் தேடுங்கள். தலையின் பக்கவாட்டு அசைவோ, முழங்காலோ, கால் கட்டைவிரலோ, எதைக் குழந்தையால் நினைத்தபோது அசைத்து, நினைத்தபோது விடவும் முடிகிறதோ அங்கே பொத்தான் வரட்டும். விட முடிவதும் அழுத்துவதைப் போலவே முக்கியம். தொடக்கத்தில் பொத்தானை அழுத்தினால் உடனே பிடித்த பாட்டு ஒலிக்கட்டும், விசிறி சுழலட்டும். காரணமும் விளைவும் மனதில் பதிந்த பிறகு தேர்வுகளுக்குப் போகலாம். மின்கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காகித அட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்த நேரத்தில் குழந்தை ஊமையாகிவிடக் கூடாது.

எட்டாம் படி: வாங்கிய பிறகு

கருவியை அது பயன்படும் இடத்தில், பயன்படும் நேரத்தில் பழக்குங்கள். மருத்துவமனையின் வழவழப்பான தரையில் நன்றாக ஓடிய வாக்கர், வீட்டு வாசற்படியில் தடுமாறும். முதல் வாரத்தில் நேரம் கூடுதலாக ஆவது இயல்பு. அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். வலி, தோல் சிவப்பு, புதிய களைப்பு ஆகியவை இருந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். கையைச் சரியான நிலையில் தாங்கிப்பிடிக்கப் போடும் ஸ்பிளிண்ட் என்ற தாங்கலைக் கழற்றி அரை மணி நேரம் ஆகியும் அழுத்தத் தடம் மறையவில்லையென்றால் அதைத் திருத்த வேண்டும்.

அவர் வெளியே போகும்போது கருவியை விட்டுவிட்டுப் போகிறாரா என்று கவனியுங்கள். நான்கு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சமாக இருக்கலாம். திட்டாமல் கேளுங்கள். நிறத்தையும் வடிவத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

மாதம் ஒருமுறை பராமரிப்புக்கு நேரம் ஒதுக்குங்கள். தடியின் அடி ரப்பரின் வரிகள் தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் அது வழுக்கும், மாற்றிவிடுங்கள். சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் தள்ளுவது கடினமாவதோடு பிரேக்கும் பிடிக்காது. திருகாணிகள், பட்டைகள், மெத்தை உறை, கேட்கும் கருவியின் பேட்டரி எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

மறுபரிசோதனைக்கான தேதியை, கருவி கைக்கு வரும் அன்றே குறித்து வாங்குங்கள். வளரும் குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவுகளைப் பார்க்க வேண்டும். பார்கின்சன் போன்ற கூடிக்கொண்டே போகும் நோய் உள்ளவருக்கு, தேவை வந்த பிறகு ஓடுவதைவிட அடுத்த கட்டக் கருவியை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது. எடை கூடினாலும் குறைந்தாலும், கீழே விழுந்தாலும், வீடு மாறினாலும், புதிய வேலையில் சேர்ந்தாலும் தேதிக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள். முதல் படியில் எழுதிய தாளை அப்போது எடுத்துச் சென்று, அதே வேலைகளுக்கு அவரிடம் மீண்டும் மதிப்பெண் கேளுங்கள்.

அளவு மாறி ஒதுங்கிய கருவி நல்ல நிலையில் இருந்தால் சுத்தம் செய்து, உங்கள் தெரபிஸ்ட் வழியாகவோ இரவல் தரும் மையம் வழியாகவோ கொடுங்கள். தெரிந்தவர் கேட்கிறார் என்று சக்கர நாற்காலியை நேரடியாக அனுப்பிவைக்க வேண்டாம். அடுத்து உட்காரப்போகிறவரின் இடுப்பு அகலம், தொடை நீளம், தோலின் உணர்ச்சி எல்லாவற்றையும் முதலில் ஒருவர் பார்த்தாக வேண்டும்.